தையலுக்கு விட்டது

குனிந்தே வெட்டியதில் கட்டிங் அக்காவுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. டிரோன் கம்பெனியில் துணி வெட்டும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். அதற்குள் இறக்கைக்கான அந்தக் கறுப்புக் கார்பன் இழைத் துணி, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரியை மழுக்கிவிட்டது.

சூப்பர்வைசர் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, பேப்பர்ல இருக்கிற அளவு என்ன, நீ வெட்டினது என்ன? ஓரமெல்லாம் அரை அங்குலம் கூட இருக்கு!”

“தையலுக்கு விட்டேன் சார். இருபது வருஷமா ஜாக்கெட் வெட்டின கை, சொன்னா கேக்கல.”

“இதுல ஏதும்மா தையல்? பசை போட்டுல்ல ஒட்டறோம்! பெரிய சார் கூப்பிடுறார், போ. இன்னியோட உன் சீட்டு கிழிஞ்சுது.”

இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கத்தரியைக் கையில் பிடித்தபடியே பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே ராணுவ டிரோனின் இறக்கை ஒன்று, பலம் சோதிக்க மேலே அடுக்கிய மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. பக்கத்தில் முறிந்துபோன இறக்கைகள் ஆறு கிடந்தன.

“இது நீங்க வெட்டின துணியாம்மா?” என்றார் பெரிய இன்ஜினியர்.

“தப்புதான் சார்.”

“எது தப்பு? அளவு பிசகாம வெட்டின ஆறும் இணைப்புல முறிஞ்சுது. உங்க அரை அங்குலம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் பிடிச்சுக்கிச்சு. இந்த மாதிரி இறக்கையைக் காசு கொடுத்தாலும் தரமாட்டேன்னான் வெளிநாட்டுக்காரன். இப்ப நம்ம இறக்கையே நிக்குது! இதைப் பாருங்க.”

புது வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்தது: ‘தையலுக்கு விட்டது, அரை அங்குலம்.’

அக்காவின் இடுப்பு தானாக நிமிர்ந்தது.

“சந்தோஷம் சார். சேர்ந்த அன்னைக்கே புதுக் கத்தரி தர்றதா சொன்னாங்க...”

“நாளைக்கே வந்துடும்மா!”

அடுத்த மாதம் டிரோன் பறந்து, பத்திரமாக இறங்கியது. அக்காவுக்குத் தரவேண்டிய கத்தரி இன்னும் பாக்கி.