நாலாவது மாடிப் பெரியவரின் எடை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையில், சூப்பர் ஹீரோ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

சற்றுமுன் பேருந்தை ஒரே கையால் தூக்கி எறிந்தவன். இப்போது தீப்பிடித்த கட்டிடத்தின் நாலாவது மாடிப் படிக்கட்டில், ஒரு பெரியவரை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தடுமாறினான்.

மறுபடியும் அந்த இடம் என்று இந்தப் பக்கம் யாரோ முனகினார்கள்.

வீடியோ கேம் செய்கிற அலுவலகம் அது. ஆடிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கண்ணாடியில் தங்கள் முகம் மட்டுமே தெரியும். விளையாட்டைச் செய்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று கவனிப்பார்கள். போனை அணைத்துவிட வேண்டும். ஆடுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் அந்த அறையின் வேதம்.

அந்த விளையாட்டில் எது எவ்வளவு கனக்க வேண்டும் என்று தீர்மானிப்பவனை எல்லோரும் 'எடைக்கல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஹீரோ குதித்தால் தரை அதிர வேண்டும். அடித்தால் ஆடுகிறவரின் உள்ளங்கையும் அதிர வேண்டும். வானத்துக்கு எழும்புமுன் முழங்கால் ஒரு கணம் மடங்க வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டால் எவ்வளவு உயரம் பறந்தாலும் உப்பில்லாத பண்டம்தான் என்பான். அவன் கெட்டிக்காரன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இந்த ஒரு பெரியவர் விஷயத்தில்தான் அவனுக்கு என்ன பிடிவாதமோ.

காலையிலிருந்து ஆடியவர்கள் எல்லோரும் இங்கேதான் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்த கன்ட்ரோலர் பழுதென்று நினைத்துத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பெரியவரைப் படியிலேயே இறக்கிவிட்டு வில்லனைத் தேடிப் போய்விட்டார். படம் வரைகிறவள், தாத்தா பாக்கெட்டில் அம்மிக்கல் வைத்திருக்கிறாரா என்று கேட்டாள்.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை. ஆடுகிறவன் தன்னைப் பலசாலியாக உணரத்தான் வருகிறான், தன் இயலாமையைப் பார்க்க வரவில்லை என்றார். எடையைக் குறை, இல்லையென்றால் இந்தக் காட்சியே இருக்காது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரே ஒருவர் ஆடட்டும் என்று எடைக்கல் கெஞ்சினான். அந்த ஒருவரை அவனே அழைத்து வந்திருந்தான்.

நாற்பதைத் தாண்டிய பெண். கைப்பையை மடியை விட்டு இறக்காமல், கன்ட்ரோலரைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். ஓடச் சொன்னால் சுவரில் முட்டினார். பறக்கச் சொன்னால் ஆற்றில் விழுந்தார். தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரியவரைத் தூக்கியதும் அந்தப் பெண் மாறிப்போனார்.

திரையில் ஹீரோவின் முழங்கால் மடங்கியபோது இவருடைய தோளும் இறங்கியது. ஒரு படி. நின்றார். இன்னொரு படி. திருப்பத்தில் பெரியவரின் தலை சுவரில் இடிக்காதபடி ஹீரோவைப் பக்கவாட்டில் திருப்பினார். அப்படித் திருப்ப வேண்டும் என்று விளையாட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிரார்த்தனையா, பெரியவரிடம் பேச்சா, தெரியவில்லை.

இருட்டில் தலைவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார்.

வாசல் வந்தது. ஆம்புலன்ஸ் நின்றது. பெரியவரை இறக்கினால் காட்சி முடிந்துவிடும்.

அவர் இறக்கவில்லை.

எடைக்கல் எட்டி மைக்கை அழுத்தினான். தலைவர் தடுக்கப் பார்த்தார். அதற்குள் குரல் போய்விட்டது.

"அக்கா... அப்பா இவ்வளவு கனமா இருந்தாரா?"

தலைவரின் கை பாதியில் நின்றது.

லிப்ட் ஓடாத கட்டிடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அப்பாவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் அவள். ஆஸ்பத்திரி வாசலோடு மூச்சு நின்றுபோனது. தம்பி அன்றைக்கு இதே அறையில், ஹீரோ பேருந்தைத் தூக்கும்போது எவ்வளவு கனக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். போன் அணைந்திருந்தது.

அதைப் பற்றி அக்கா சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. பெரியவரின் எடையை அவன் குத்துமதிப்பாகத்தான் வைத்திருந்தான். உயிரோடு இருந்த அப்பாவை அவன் தூக்கியதே இல்லை.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது அவள் முகம்தான். ஆனாலும் தம்பி எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தவள்போல அந்தப் பக்கமே பார்த்துச் சொன்னாள்.

"இதைவிடக் கனம்டா. ஆனா ரெண்டாவது மாடிவரைக்கும்தான். அங்க குடியிருக்கிறவர் கதவைத் திறந்துட்டு வந்து, ஒண்ணும் கேக்காம கால் பக்கம் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் அவ்வளவா தெரியல."

படம் வரைகிறவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைவர், எடையைத் தொட வேண்டாம் என்றார். காட்சியும் இருக்கட்டும். ரெண்டாவது மாடியில் ஒரு கதவை மட்டும் வைத்துவிடு. ஒரு கதவைத் திறக்க எந்த ஹீரோவின் பலமும் வேண்டியதில்லையே என்று, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொன்னார்.

எடைக்கல் அப்போதே கணினிக்கு முன் உட்கார்ந்து கதவை வைத்தான். முதலில் கோணலாக விழுந்தது. சரி செய்தான்.

படம் வரைகிறவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள். கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டாள். உயரமா, குள்ளமா. மீசை உண்டா.

அவன் கணினியிலிருந்து கையை எடுத்தான்.

அப்பா போன பிறகு, லிப்ட் ஓடாத அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ரெண்டாவது மாடியில் ஒருவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார். எதையோ விசாரிக்க நினைப்பவர்போல ஒரு நொடி நிற்பார்.

அவன் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.