பாதி போடாத முக்கோணம்

"ஏம்ப்பா, நீ போட்டுக் குடுத்த வீட்டுப்பாடம் தப்பாம். முட்டை மார்க்கு! உன்னைக் கையோட கூட்டிக்கினு வரச் சொன்னாங்க டீச்சர்" என்று அழுதாள் ஒன்பதாவது படிக்கும் எழில்மதி.

ஒரு முக்கோணம். அடிப்பக்கம் அறுபது அடி, உயரம் நாற்பது அடி, பரப்பு எவ்வளவு என்பது கேள்வி. மனை வாங்கி விற்கும் அவள் அப்பா கவியரசன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாயிரத்து நானூறு என்று சொல்லியிருந்தார்.

"நான் அளக்காத அளவா? இன்னா தப்பு கண்டுட்டாங்க?" என்று மீசையைத் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

கணக்கு டீச்சர் தாஹிரா குரலை உயர்த்தவில்லை. "முக்கோணம்னா பெருக்கிப் பாதி போடணுங்க. ஆயிரத்து எரநூறுதான். நீங்க ஒத்துக்கினா மார்க் போடறேன்."

மகளின் முகத்தைப் பார்த்தார் கவியரசன். பேரத்தில் எப்போது இறங்கி வரவேண்டும் என்று தெரிந்தவர்.

"பாதிதாங்க டீச்சர். சின்னப் பிள்ளைக்கே தெரியும். அவசரத்துல மறந்துட்டேன்."

"அப்படியே நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டார். எழில்மதிக்குப் பத்துக்குப் பத்து விழுந்தது.

"மத்த பிள்ளைங்களும் இதே தப்பத்தான் பண்ணுச்சா டீச்சர்?"

"மத்தவங்களுக்கு இந்தக் கணக்கே குடுக்கலீங்க" என்ற தாஹிரா, மேசையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து விரித்தார். "சின்னசேலம் ரோட்டுல என் தம்பி ஆசாத்துக்கு நீங்க வித்த மூணு மூலை மனை. அறுபதுக்கு நாப்பது. எத்தினி சதுர அடின்னு எழுதியிருக்கு, படிங்க."

எட்டிப் பார்த்த எழில்மதி பதறினாள்.

"அய்யோ அப்பா, இதுலயும் பாதி போட மறந்துட்டியே!"