கடைசி ஓவர்

மாவட்ட இறுதிப் போட்டியின் கடைசி ஓவர். பந்து ஜெசிந்தாவின் கையில் இருந்தது. தன் முந்தைய ஓவரில்தான் அவள் இரண்டு விக்கெட் எடுத்திருந்தாள். மாநில அணிக்கு ஒரேயொரு பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுக்க வந்தவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். அப்போது கேப்டன் செண்பகம் அருகில் வந்தாள். பள்ளிக்காலம் முதல் ஒரே சைக்கிளில் பயிற்சிக்குப் போய்வந்த தோழி.

"பந்தைக் குடு ஜெசி. நீ தளந்துட்ட."

"நானா? நல்லாத்தானட்டி போடுதேன்?"

"கேப்டன் சொல்லுதேன், குடு."

ஜெசிந்தாவை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, செண்பகம் அந்த ஓவரைத் தானே வீசினாள். வரிசையாக அடி வாங்கினாள். கடைசிப் பந்தை எதிரணிப் பெண் உயரத் தூக்கி அடித்தாள். அது நேராக ஜெசிந்தாவிடம் வந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கைகள் பிடித்துவிட்டன.

அணி வென்றது. பந்தலில் இருந்தவர் செண்பகத்தைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அவள் அங்கிருந்து ஓடிவந்து ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன்ன நம்பித்தாம்ட்டி அங்க நிறுத்துனேன்."

ஜெசிந்தாவுக்கு அவளைத் திருப்பி அணைக்கக் கை எழவில்லை.