ஓடத் தடை

ஊக்கமருந்துப் பரிசோதனை செய்ய வந்தவர்களைப் பார்த்ததும் பின்வாசல் வழியாக நழுவிப் போனதற்காக, ஓட்டப்பந்தய வீராங்கனை ரெஜினாவுக்கு நான்கு ஆண்டுகள் ஓடத் தடை விதித்தார்கள். கணுக்காலில் ஒரு வளையத்தையும் பூட்டினார்கள். மைதானத்தில் மட்டுமல்ல, தெருவில் ஓடினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஓடினால் தடை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

முப்பத்தொன்பது நாள் மீதமிருந்தபோது, மூன்று வயது மகள் ஆஷ்லின் ஒரு நாய்க்குட்டியின் பின்னால் பூங்கா வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டாள். ரெஜினா கத்திக்கொண்டே வேகமாக நடந்தாள். அதற்குள் ஒரு ஸ்கூட்டர் மோதிவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கணவன் ஜெரால்டு பதறி வந்தான்.

"பிள்ளை எவ்ளோ தூரத்துல இருந்தா?"

"முப்பது மீட்டர் இருக்கும்."

"ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம்லா?"

"பிடிச்சிருப்பேன்."

"பின்ன ஏன் ஓடல?"

"ஓடணும்னே தோணல" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

தடை முடிந்த அன்று அதிகாரி வளையத்தைக் கழற்றினார்.

"இனிமே நீங்க ஓடலாம், மேடம்."

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். எதிரே அவள் ஊர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நடத்துநர், "ஓடி வாங்க, ஓடி வாங்க" என்று கூப்பிட்டார். அவள் நடந்தாள். பஸ் போய்விட்டது.