ஓடாத யானை

“நான் அதுகிட்ட போகல அக்கா. அதுதான் என்னைத் தேடி வந்துச்சு,” என்றான் பார்முவாத்.

“ஆமா, உன்னை மாப்பிள்ளை பார்க்க வந்துச்சு,” என்றாள் நசேரியான்.

முள்மர நிழலில் இளம் யானை கிமானா ஒருக்களித்துக் கிடந்தது. ஈட்டி பாய்ந்த நெஞ்சோரத்திலிருந்து ரத்தம் கசிந்து புழுதியில் ஊறியது. தாயில்லாமல் சதுப்பில் சிக்கிக் கிடந்த குட்டியைத் தேசியப் பூங்காவின் யானைக் காப்பகத்தில் பால் புகட்டி வளர்த்தவள் நசேரியான்தான். அதைக் காட்டில் விட்டு இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. கிளிமஞ்சாரோ மேகத்துக்குள் இருந்தது. விலங்கு மருத்துவரின் வண்டியை இன்னும் காணோம்.

“ஈட்டியில ரத்தமே படாத பயன்னு பொண்ணுங்க சிரிச்சாளுங்க. அதானே?”

“நம்ம மாடுங்க மேல சத்தியமா இல்லக்கா. நம்ம ஆளுங்க சிவப்புத் துணியைத் தூரத்துல கண்டாலே, ஈட்டிக்குப் பயந்து யானை ஓடிடும்ல? மேல போட்டிருந்ததைக் கழட்டி ஆட்டினேன். ஆட்ட ஆட்ட இது இன்னும் வேகமா வருது, தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு.”

“பொய்க்கும் ஒரு அளவு வேணும்டா.”

மாடுகளுக்கு நடுவே நின்ற அவன் கூட்டாளி கொய்நெத் மெதுவாகச் சொன்னான்: “நெசம்தான் அக்கா. தும்பிக்கையை அவன் நெஞ்சுகிட்டயே கொண்டு போச்சு. வளைச்சுப் பிடிக்கப் போகுதுன்னு நான் மரத்துல ஏறிட்டேன்.”

“பெரிய வீரன்.”

அவள் தம்பியிடம் திரும்பினாள். “மாசாய்க்காரன் துணியைப் பார்த்துட்டு எந்த யானைடா நிக்கும்? நீ பதுங்கிப் போய்க் குத்தியிருக்க. வனக்காவலருங்க வந்தா அதைத்தான் சொல்லுவேன். தம்பின்னு பார்க்க மாட்டேன்.”

யானையின் மூச்சு இழுத்தது.

“அந்தத் துணியைக் குடு. ரத்தத்தையாவது நிறுத்துவோம்.”

பார்முவாத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தான். மடித்துக் காயத்தில் அழுத்தியபோது, ஓரத்திலிருந்த நெருப்புச் சுட்ட ஓட்டை அவள் விரலில் தட்டியது.

“இது உனக்கு ஏதுடா?”

“நீதான குடுத்த. காப்பகத்து வேலையை விட்டு வந்தப்போ, பழசு, போட்டுக்கோன்னு.”

அந்தத் துணியை ஆட்டித்தான் அவள் குட்டியைப் பாலுக்குக் கூப்பிடுவாள். அதைக் கம்பில் தொங்கவிட்டால், தாயின் வயிறென்று எண்ணி அதன் அடியில் தும்பிக்கையைச் செருகிக்கொண்டு புட்டிப்பாலைக் குடித்து முடிக்கும்.

கண் திறக்காமலே கிமானாவின் தும்பிக்கை மெல்ல ஊர்ந்து வந்து, ரத்தத்தில் நனைந்த துணிக்கு அடியில் நுழைந்து பாலைத் தேடியது.