கடுப்பு

எட்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் ஆவுடைச்செல்வி வீட்டிலிருக்கும் பேசும் மருத்துவப் பெட்டியிடம் சொல்வது ஒன்றுதான்: “கால் ரெண்டும் ஒரே கடுப்பா இருக்கு.” பெட்டியும் சளைக்காமல் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும்.

இன்று அவள் விடுவதாக இல்லை. “நான் சொன்னது ஒனக்கு என்னன்னு வெளங்கிச்சு? மொதல்ல அதச் சொல்லு.”

“உங்கள் கால்கள்மீது உங்களுக்குக் கோபம்.”

ஆவுடைச்செல்வி சிரித்துவிட்டாள். “கோவம் இல்ல, வலி. எலும்புக்குள்ள இருந்து இழுக்குத வலி.”

பெட்டி முதன்முறையாக ரத்தம் கேட்டது. மதியத்துக்குள் நோயின் பெயரைச் சொன்னது, மருந்தும் இருக்கிறதாம். பிறகு தயங்கியது.

“இதே சொல்லைச் சொல்லி மூச்சுப்பயிற்சி செய்பவர்கள் தென்காசியில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?”

“சொல்லு. ஆனா அதுக்கப்புறமும் அவிய கடுப்பா இருக்குன்னு சொன்னா, அது கோவந்தான்.”