வாசலில் எரியும் பூசணி

"ஏண்டி, சரிங்கிறதா, வேணாங்கிறதா? மாப்ள வீட்டுக்காரங்க கறம்பக்குடியில பஸ் ஏறிட்டாங்களாம். வந்து ஒக்காந்ததுக்கு அப்புறம் ஆளாளுக்கு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது!"

அடுப்படியிலிருந்து அம்மா அழகி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். பிரகதீஸ்வரி காதிலேயே வாங்கவில்லை. செல்லில் தன் உலகத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உலகம் என்றால், கட்டை கட்டையாக அடுக்கி வீடு, குளம், பாலம் என்று இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளும் விளையாட்டு. கந்தர்வக்கோட்டையில் பாங்க் வேலை முடிந்து வந்தால் அவளுக்கு அதுதான் கதி. பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே பொழுது சாய்ந்தால் போச்சு! வெளிச்சம் இல்லாத மூலையிலெல்லாம் பேயும் எலும்புக்கூடும் முளைத்து அடிக்க வந்துவிடும். பிரகதி வீடு கட்டுவதில் கெட்டிக்காரி, விளக்கு வைப்பதில் மகா சோம்பேறி. இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள்.

பெண் பார்க்க வந்த அன்று செம்மல் இதைக் கேட்டுவிட்டு, "நானும் வரலாமா?" என்றான். "வாங்களேன்" என்று சேர்த்துக்கொண்டாள். மறுநாளே 'செம்மல்' என்ற பெயரில் ஓர் உருவம் உள்ளே வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் அதிசயம்தான்.

அவள் பாங்கில் இருக்கும் நேரத்தில் வேலை நடக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டியதுதான். கரி வெட்டி, குச்சியில் சேர்த்துப் பந்தமாக்கி, வீட்டிலிருந்து சுரங்கம் வரை இரண்டு பக்கமும் நட்டிருக்கும். பாலத்தில் இரும்பு லாந்தர்கள் தொங்கும். தண்ணீருக்குள் பந்தம் நிற்காது என்பதால், பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே பந்தத்தை வைத்து, குளத்தின் அடியில் பதித்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்குச் சிலிர்த்தேவிட்டது. குளமே தங்கத் தாம்பாளமாக மின்னியது.

வாசலின் இரண்டு பக்கமும் அதே மாதிரி மூஞ்சி செதுக்கிய பூசணி. "திருஷ்டிப் பூசணி வச்சிருக்காரும்மா!" என்று பிரகதி சிரித்தாள். ஒன்று மட்டும் ஏனோ வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அவர் வைத்தது என்று அவள் தொடவில்லை.

அதோடு விட்டதா? "சாப்டாச்சா?" "இருட்டப் போவுது, உள்ள வந்துரு." "கரி பெட்டியில வச்சிருக்கேன், எடுத்துக்க." இப்படித் தினமும் வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கும்.

"வேளாண்மை ஆபீஸ்ல அந்தப் புள்ளைக்கு வேலையே இல்லையாடி? பகலெல்லாம் இதத்தான் பண்ணுதா?" என்றாள் அழகி.

"பீல்டுக்குப் போறப்ப பண்ணுவாரா இருக்கும். ஆம்பளைங்க கேமுக்குள்ள வந்தா வாளத் தூக்கிக்கிட்டு வெட்டத்தான் போவாங்க. இந்த மனுசன் நான் பயப்படக் கூடாதுன்னு வெளக்கா வச்சுக்கிட்டு இருக்காரு. தங்கமான மனசும்மா!"

"அப்பச் சரின்னு சொல்லித் தொலையேன்!"

"அவரு சரி. அவங்கம்மா?"

மூத்த மகள் மாமியாரிடம் பட்ட பாடு அழகிக்குத் தெரியாதா? கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றவளை மூன்று முறை சமாதானப்படுத்தி அனுப்பியவள் அவள்தானே.

"அன்னைக்கு வந்தப்ப வாயத் தொறந்தாங்களாம்மா? எங்கையில இருந்த செல்லையேல்ல மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கல்யாணம் ஆனா மொதல்ல இதத்தான் புடுங்குவாங்க."

செம்மலும் அவன் அம்மா மணிமேகலையும் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாள் அன்றைக்குப் போலவே உம்மென்று உட்கார்ந்தாள். செம்மல் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனதும், பிரகதி செல்லும் கையுமாகப் பின்னாலேயே போய்விட்டாள்.

"ஒங்க வெளக்கப் பாத்துத்தாங்க எனக்கு மனசே வந்துச்சு. அந்தக் குளத்துப் பூசணி இருக்கே, யப்பா! எப்படிங்க தோணுச்சு? ஆனா ஒங்கம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு."

செம்மலுக்கு வியர்த்தது. "அது வந்துங்க... பொய் சொல்ல விரும்பல. நான் ஒரே ஒரு நாளுதான் உள்ள வந்தேன். வந்த ஒடனே எலும்புக்கூடு அம்பு விட்டுச்சு, செத்துட்டேன். வெளையாடுன டேப்லெட்ட அப்படியே வீட்டுல போட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன்."

"என்னங்க சொல்றீங்க? அப்ப அத்தன வெளக்கும்..."

அவள் முடிக்கவில்லை. கொல்லை வாசலில் மணிமேகலை வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நேராக வந்து பிரகதி முன்னால் கையை நீட்டினாள்.

"அந்தச் செல்ல இங்கிட்டுக் குடு."

பிரகதிக்கு அக்கா முகம் கண்முன் வந்து போனது. செல்லை நீட்டினாள்.

மணிமேகலை அதை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலால் இரண்டு தள்ளுத் தள்ளினாள்.

"வாசப் பூசணியில ஒண்ண அவசரத்துல உள்ள பாக்க வச்சுட்டேன் தாயி, அன்னையிலேருந்து ஒறக்கமே இல்ல. இரு, திருப்பி வச்சுட்டுத் தாரேன்."